முப்பத்தைந்தாயிரத்தில் நான்கு ஆண்டு

2025 ஜூலையில் ஒரு மழை நாள். திருவனந்தபுரம் எம்.ஜி. சாலையில் உள்ள ஒரு கணினிக் கடைக்கு என் தங்கை மகளோடு போயிருந்தேன். நான்கு ஆண்டுப் புள்ளியியல் பட்டப்படிப்பில் சேர்ந்து அவளுக்கு இரண்டு வாரம் ஆகியிருந்தது. வீடு கரமனையில். அவள் அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறார். லேப்டாப்புக்கென்று அவர் எடுத்துவைத்தது 35,000 ரூபாய். கடைப்பையன் இரண்டு மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இரண்டிலும் ‘ரைசன் 5’ ஸ்டிக்கர், இரண்டிலும் 8 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று மட்டும் மூவாயிரம் குறைவு. இரண்டும் ஒன்றுதான், கம்பெனிதான் வேறு என்று மலையாளத்தில் சொன்னான். அவள் குனிந்து விலைச்சீட்டைப் படித்தாள்.

“மாமா, இதுல 7520-னு இருக்கு. அதுல 7530. என்ன வித்தியாசம்?”

கடையில் யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் தெரியாது. வாங்காமல் வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. ஏ.எம்.டி. நிறுவனம் அந்த வரிசை லேப்டாப் சிப்புகளுக்கு வைத்த நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம் எந்த ஆண்டின் சரக்கு என்பதைக் காட்டுகிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பு எவ்வளவு பழையது என்பது மூன்றாவது இலக்கத்தில் இருக்கிறது. 7520யு-வில் அது 2. அதாவது 2019-ல் வெளிவந்த ஜென் 2 வடிவமைப்பு, 4 கோர். 7530யு-வில் அது 3, அடுத்த தலைமுறையான ஜென் 3, 6 கோர். ‘ரைசன் 3’ என்று விற்கும் 7320யு-வும் அதே 4 கோர், அதே ஜென் 2. ஸ்டிக்கரில் 3, 5 என்று இருப்பதை மட்டும் பார்த்தால் இது எதுவும் தெரியாது. இன்னொன்று இதைவிட முக்கியம்: 7520யு மெஷின்களில் ரேம் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைத்தே வருகிறது. 8 ஜி.பி. வாங்கினால் கடைசிவரை 8 ஜி.பி.தான்.

இன்டெல் பக்கமும் இதே கதை. ஐ3-1215யு-வில் இரண்டு பெரிய கோர், நான்கு சிறிய கோர். ஐ3-என்305-இல் எட்டு கோர் என்று போட்டிருக்கும், எட்டும் சிறியவை. இரண்டுக்கும் பெயர் ஐ3. செலரான், பென்டியம் என்ற பழைய பெயர்கள் பலருக்கும் ‘இது குறைந்த ரகம்’ என்று சொல்லிக்கொடுத்திருந்தன. 2023-லிருந்து லேப்டாப்புகளில் அந்தப் பெயர்களையும் எடுத்துவிட்டு வெறுமனே ‘இன்டெல் பிராசஸர்’ என்று போடுகிறார்கள். முதல் தடவை வாங்க வருகிற பிள்ளைக்கு இருந்த ஓர் அடையாளமும் போயிற்று.

குறைந்த பணத்தில் லேப்டாப் வாங்குவது பற்றி எல்லோரும் கேட்கிற கேள்வி, ‘இந்த விலைக்கு எது நல்லது?’ என்பது. ஒரு வருஷமாகப் பலருக்கு வாங்கிக்கொடுத்தும், பழுதான மெஷின்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தும் எனக்குப் பட்டது வேறு. படிப்பு முடிகிறவரை அந்த மெஷினில் எதை மாற்ற முடியும், எதை மாற்றவே முடியாது? கையிலிருக்கும் பணம் முதலில் மாற்ற முடியாத உறுப்புகளுக்குப் போக வேண்டும்.

கேரளத்தில் 2024 ஜூலையிலிருந்து கலை, அறிவியல் கல்லூரிகளிலும் நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பு வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு போகவும் வழி உண்டு, ஆனால் வாங்கும்போது நான்கைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 35,000 ரூபாய் மெஷின் நான்கு ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 8,750 ரூபாய். 22,000 ரூபாய் மெஷின் இரண்டே ஆண்டில் படுத்துவிட்டால் ஆண்டுக்கு 11,000. இரண்டாவது ரகத்தை நான் சொந்தக் காசில் அனுபவித்தவன். 2021-இல் ஆன்லைன் வகுப்புக்காக மகனுக்கு 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. சேமிப்பும் உள்ள ஒரு சின்ன லேப்டாப் வாங்கினேன். பெட்டியைத் திறந்த அன்றே பாதி இடத்துக்கு மேல் விண்டோஸ் பிடித்திருந்தது. பத்தாம் மாதம் ஒரு அப்டேட் இறங்க இடமில்லாமல் பாதியில் நின்றது. கழற்றிப் பார்த்த மெக்கானிக், “சேமிப்பும் பலகையோட ஒட்டினதுதான், ஒண்ணும் பண்ண முடியாது” என்று கையை விரித்தார். அது இன்றும் பரணில் கிடக்கிறது.

மலிவுக் கணினி என்ற கனவுக்கு இருபது வயது ஆகிவிட்டது. 2005-இல் துனிஸ் நகரில் எம்.ஐ.டி. பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே 100 டாலர் லேப்டாப்பை உலகுக்குக் காட்டினார். பச்சை நிறம், பக்கத்தில் கையால் சுற்றும் பிடி. விற்பனைக்கு வந்தபோது பிடி இல்லை, விலையும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி அங்கே நடத்திய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்ததற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. நம் ஊரில் 2011 அக்டோபரில் ஆகாஷ் டேப்லெட் வந்தது. 7 அங்குலத் திரை, 256 எம்.பி. ரேம், அழுத்தினால்தான் உணரும் தொடுதிரை. விலை என்னவோ இரண்டாயிரத்துச் சொச்சம்தான். வாங்கியவர்கள் அதில் ஒரு முழுப் பாடத்தைப் படித்து முடிப்பதே சோதனையாகிவிட்டது. 2023-இல் 16,499 ரூபாய்க்கு ஜியோபுக் வந்தபோதும் 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. இ.எம்.எம்.சி.யும்தான். என் வீட்டுப் பரணில் கிடக்கும் அளவுகள் அவை.

கேரளத்தின் சொந்த முயற்சி வித்யாஸ்ரீ. கோவிட் காலத்தில் மாநில அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யும் பெண்கள் குழுக்களின் அமைப்பான குடும்பஸ்ரீயும் சேர்ந்து, மாதம் 500 ரூபாய் வீதம் 30 மாதம் கட்டினால் 15,000 ரூபாய் லேப்டாப் என்று அறிவித்தன. கடன் ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தினக்கூலி வீட்டுக்கும் எட்டும் தவணை அது. ஆனால் 15,000 என்ற வரம்பை முதலிலேயே போட்டுவிட்டு அதற்குள் அடங்கும் மெஷினைத் தேட வேண்டியிருந்தது. விநியோகம் தாமதமானது. வந்தவற்றில் சிலவற்றைப் பற்றிப் புகார்களும் எழுந்தன. 15,000 என்ற எண் ஒரு குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்பதிலிருந்து வந்தது. ஒரு மெஷின் ஒழுங்காக வேலைசெய்ய எவ்வளவு வேண்டும் என்பது வேறு கணக்கு. அந்த இடைவெளியை அரசு நிரப்பியிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் மாணவர் கைக்குப் போயின. இடையில் நின்றுபோனது, 2025–26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்களுக்காகத் திரும்ப வந்தது: இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் பேருக்கு, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. 2026 ஜனவரியில் வழங்கவும் தொடங்கினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அந்த மெஷின் கிடைக்காது. ஆனால் அதன் அளவு நமக்கும் பயன்படும்: ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. லட்சக்கணக்கில் கொள்முதல் செய்யும் ஓர் அரசு இதற்குக் கீழே இறங்கவில்லை. நாமும் இறங்கக் கூடாது.

கேரளம் ஒவ்வொரு கையிலும் லேப்டாப் என்று போகவில்லை, பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் பணத்தைப் போட்டது. 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கியது, இப்போது கைட் என்ற அரசு நிறுவனமாக இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதே 2001 ஜூலையில் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அந்தச் சூட்டில் பள்ளிகள் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறின. இன்றும் கைட் தன் சொந்த லினக்ஸ் பதிப்பைப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளை லிப்ரே ஆபீஸில் கணக்குப் போட்டிருக்கும், ஜியோஜீப்ராவில் வட்டம் வரைந்திருக்கும், பைத்தானில் நாலு வரி எழுதியிருக்கும். இவ்வளவும் தெரிந்த பிள்ளை கல்லூரிக்கு லேப்டாப் வாங்கப் போனதும் கடையில் கேட்கும் முதல் வாக்கியம், “விண்டோஸ் இல்லாம ஒண்ணும் நடக்காது”.

அன்று என் தங்கை மகளிடமும் அதைத்தான் சொன்னார்கள். “ஸ்கூல்ல ஆறு வருஷம் லினக்ஸ்லதான் படிச்சேன்” என்றாள். பையன் சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு மாநிலம் இருபது ஆண்டுக்கு மேல் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்த ஒன்றை, ஒரு குடும்பம் தன் சேமிப்பைச் செலவழிக்கிற நாளில் கடைக்காரர் தள்ளிவிடுகிறார். விண்டோஸ் இல்லாமல் வரும் மெஷின்கள் சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கும். அந்தச் சில ஆயிரத்தில் 8 ஜி.பி. 16 ஆகலாம், அல்லது மங்கலான திரைக்குப் பதில் நல்ல திரை வரலாம். புள்ளியியலுக்கு வேண்டிய ஆர் மொழியும் பைத்தானும் லினக்ஸில் இலவசமாகவே ஓடும். தமிழிலும் மலையாளத்திலும் பாடம் சொல்லும் ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் காணொளிகளும் இலவசம். கட்டற்ற மென்பொருளுக்கென்றே மாநில அரசு நடத்தும் ஐ.சி.ஃபாஸ் மையமும் இந்த ஊரிலேயே இருக்கிறது.

எல்லாப் படிப்புக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். மெக்கானிக்கல், சிவில் படிக்கிற பிள்ளைக்கு ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் வந்தே தீரும். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அவர்களுக்கு 16 ஜி.பி. ரேமும் 7530யு அல்லது ஐ5 ரகமும் வேண்டும். மூன்றாம் செமஸ்டருக்கு முன் அந்த மென்பொருள் பெரும்பாலும் தேவைப்படாது, அதனால் முதல் ஆண்டைக் கல்லூரி ஆய்வகத்தில் ஓட்டிவிட்டுப் பிறகு வாங்குவது கெட்டிக்காரத்தனம். ஆட்டோடெஸ்க் மாணவர் உரிமம் இலவசம் என்பதால் கள்ளப் பதிப்பு தேடி வைரஸை வீட்டுக்கு அழைக்க வேண்டியதில்லை. பி.காம். பிள்ளைக்கு டாலியும் எக்செலும், 8 ஜி.பி. ஐ3 போதும். மொழி, வரலாறு படிப்பவர்களுக்கு நல்ல விசைப்பலகையும் கண்ணை உறுத்தாத திரையும்தான் முக்கியம். கேமிங் லேப்டாப் வாங்கினால் எல்லாம் ஓடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது இரண்டரைக் கிலோ, சார்ஜர் தனி. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் ரயிலில் நின்றுகொண்டே வரும் பிள்ளைகளின் தோளைப் பார்த்தால் அந்தப் பேச்சு எழாது.

திரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் பார்க்காத உறுப்பு அதுதான். 1366-க்கு 768 புள்ளித் திரை இன்னும் விற்கிறார்கள். அதில் ஒரு எக்செல் தாளை விரித்தால் பாதிதான் தெரியும். 1920-க்கு 1080 இருந்தால் மட்டும் வாங்குங்கள். அதோடு திரையை மெதுவாகப் பின்னால் சாய்த்து, பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். எழுத்து வெளுத்து நிறம் தலைகீழானால் அது பழைய டி.என். ரகம். ஐ.பி.எஸ். திரையில் எப்படிப் பார்த்தாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும். ஒரே அறையில் மூன்று பேர் சேர்ந்து படிக்கும் ஹாஸ்டலில் இந்த ஒரு வித்தியாசம் தினமும் தெரியும். பேட்டரிக்குக் கடையில் ‘பத்து மணி நேரம்’ என்பார்கள். அட்டைப் பெட்டியில் வாட்-அவர் எவ்வளவு என்று தேடுங்கள். 42 வாட்-அவர் பேட்டரி, சாதாரண எழுத்துவேலையில் மெஷின் 8 வாட் குடிக்கிறது என்று வைத்தால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான்.

சேமிப்பில் இ.எம்.எம்.சி. வேண்டாம், சுழலும் ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ளதும் வேண்டாம். எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி. இருந்தாலும் போதும், பெரும்பாலான மெஷின்களில் அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ரேமுக்குக் காலியான ஸ்லாட் உண்டா என்பதை மட்டும் வாயால் கேட்டு நம்பாமல், மாடல் எண்ணை வைத்துக் கம்பெனியின் தளத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

35,000-மும் இல்லை, 20,000 ரூபாய்தான் கையில் என்றால்? அந்த விலைக்குப் புது மெஷின் தேடாதீர்கள் என்றே சொல்வேன். பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுக்கொரு முறை தங்கள் லேப்டாப்புகளை மாற்றும்போது திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் ரகங்கள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. உடல் உறுதி, விசைப்பலகை அருமை, உட்புறம் திறந்து பாகம் மாற்ற ஏற்றது. இதிலும் ஒரு கோடு உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெலின் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளை ஏற்பதில்லை. அதற்கும் பழையதை விண்டோஸ் நினைப்பில் வாங்கினால் பணம் வீண். லினக்ஸ் போடத் தயார் என்றால் அந்தப் பழைய மெஷின்கள்தான் இப்போது சந்தையில் மிக மலிவு. வாங்குமுன் கீலை நாலு தடவை திறந்து மூடுங்கள், தொடக்கத்தில் பயாஸ் கடவுச்சொல் கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், பேட்டரியின் தற்போதைய கொள்ளளவு முதலில் இருந்ததில் எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டச் சொல்லுங்கள், ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் இந்தக் கேள்வியின் பாதி. லேப்டாப்புக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.; 35,400 ரூபாய் மெஷினில் 5,400 வரி. மாணவர் வாங்கும் முதல் லேப்டாப்புக்காவது அதில் சலுகை இருந்தால் அது நேரே ரேமாகவும் திரையாகவும் மாறும். ‘வட்டியில்லாத் தவணை’ என்பதில் வட்டி எங்கோ ஒளிந்திருக்கிறது: ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காது, அல்லது செயலாக்கக் கட்டணம் என்று தனியாக வரும். ரொக்க விலை என்ன, எல்லாத் தவணையும் சேர்த்தால் என்ன என்று இரண்டையும் தாளில் எழுதிக் கேளுங்கள். கல்விக்கடன் எடுக்கும் குடும்பங்களில் பலருக்கும் தெரியாத ஒன்று: இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்புக்குத் தேவையென்றால் நியாயமான விலையில் கணினி வாங்குவதும் செலவுக் கணக்கில் சேரும். விண்ணப்பிக்கும்போதே விலைப்புள்ளி வைத்துக் கேட்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் திட்ட நிதியில் லேப்டாப் கொடுக்கும் வழக்கமும் கேரளத்தில் உண்டு. வார்டு மெம்பரைப் பார்த்து கிராமசபையில் பெயர் சேர்ப்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் நாள் பார்ப்பது. கல்லூரி ஜூலையில் திறக்கிறது, ஓணத் தள்ளுபடி சிங்க மாதத்தில், நம் ஆவணியில், வருகிறது. இடையில் ஆறேழு வாரம். முதல் மாதத்தில் லேப்டாப் இல்லாமல் யாருக்கும் படிப்பு கெட்டதில்லை. நாங்கள் காத்திருந்தோம்.

வாங்கிய பிறகு இந்த ஊர் வைக்கும் சோதனை இடி. துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் கரமனையில் பாட்டிமார் பிளக்கைப் பிடுங்கச் சொல்லிச் சத்தம் போடுவார்கள். லேப்டாப் சார்ஜருக்கும் அதே நியாயம். நெட் கேபிள் இருந்தால் அதையும் கழற்ற வேண்டும், மோடம் வழியாகவும் இடி ஏறும். எர்த் இல்லாத பழைய வீட்டில் மூன்று பின் பிளக்கின் ஒரு காலை உடைத்துச் செருகுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உடைக்காதீர்கள். சர்வீஸ் சென்டர் நகரத்துக்குள்ளேயே இருக்கிறதா, வீட்டுக்கு வந்து பார்க்கும் வாரண்டியா, பையில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதா என்பதையும் பில் போடுமுன் கேட்டுவைப்பது நல்லது.

2025 செப்டம்பர் முதல் வாரம், ஓணத்துக்கு இரண்டு நாள் முன்பு, அதே கடையில் 7530யு மெஷினை அவள் வாங்கினாள். 8 ஜி.பி. ரேம், பக்கத்தில் ஒரு காலி ஸ்லாட், விண்டோஸ் இல்லை. 33,000-க்கும் சற்றுக் குறைவாக வந்தது. மீதிப் பணத்தை ரேமுக்காக வைத்திருக்கச் சொன்னேன். “இப்பவே போட்டுறலாமே மாமா” என்றாள். “அவசரமில்ல மக்களே, அடுத்த வருஷம் இன்னும் விலை இறங்கும்” என்றேன்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன். மெமரி விலை வருஷா வருஷம் இறங்கும் என்று இருபது ஆண்டு பழக்கத்தில் பேசிவிட்டேன். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் உலகத்து மெமரி சிப்புகளை அள்ளத் தொடங்கின. சில்லறைச் சந்தையில் ரேம் விலை இரண்டு மடங்கையும் தாண்டியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், மாணவர்கள் நம்பி வாங்கிவந்த குரூஷியல் ரேம் வியாபாரத்தை விட்டு விலகுவதாகவே அறிவித்துவிட்டது. அதனால் என் பழைய யோசனையில் ஒரு பாதியை இப்போது திருத்திச் சொல்கிறேன்: காலி ஸ்லாட் கட்டாயம் வேண்டும், ஆனால் 16 ஜி.பி. தேவைப்படும் படிப்பென்றால் பெட்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பின்னால் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

போன வாரம் கரமனைக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து ஆர் மொழியில் ஏதோ மழையளவுக் கணக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். திரையின் ஓரத்தில் மெமரி அளவு ஓடியது. 8-இல் 3 ஜி.பி.யைத் தாண்டவில்லை. ஸ்லாட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ரேமுக்கு வைத்த பணத்தில் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றிவிட்டதாகச் சொன்னாள்.